எஸ்.சி.சி.யில் ஃப்ளை ஆஷும் ஸ்லாகும்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

வைப்ரேட்டர் போடாமலே பரவி, கம்பிக்கு நடுவில் புகுந்து, சென்ட்ரிங்கை நிரப்பிவிடும் கான்கிரீட்டைத்தான் சைட்டில் எஸ்.சி.சி. (செல்ஃப் கம்பாக்டிங் கான்கிரீட்) என்கிறோம். 1980-களின் பிற்பகுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒகாமுராவும் அவரோடு இருந்தவர்களும் இதை உருவாக்கினார்கள். கான்கிரீட்டை ஒழுங்காக இறுக்கத் தெரிந்த ஆட்கள் ஜப்பானில் குறைந்துகொண்டே வந்ததுதான் அதற்குக் காரணம். அந்தக் கவலை இப்போது நமக்கும் வந்துவிட்டது.

இந்தக் கான்கிரீட் பரவ வேண்டுமென்றால் நைசான தூள் நிறைய வேண்டும். ஒரு கனமீட்டருக்குச் சுமார் 500 கிலோ. அத்தனையையும் சிமெண்டாகவே போட்டால் செலவு எகிறும், உள்ளே சூடு ஏறும், பிறகு சுருங்கி விரிசல் விடும். அதனால்தான் அனல்மின் நிலையத்து ஃப்ளை ஆஷ், இரும்பு உருக்காலையிலிருந்து வரும் ஸ்லாகை அரைத்த ஜி.ஜி.பி.எஸ்., ஃபெரோசிலிக்கான் உலையில் பிடிக்கும் சிலிக்கா ஃப்யூம் எல்லாம் சிமெண்டின் இடத்தில் வந்து உட்காருகின்றன. ஏதாவது கெட்டால் முதல் பழியும் இவற்றின் மேல்தான். உண்மையில் பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் கோளாறு மணலின் ஈரத்திலோ, எடைக் கணக்கிலோ இருக்கும்.

பேச்சுக்கு ஒரு கலவையை வைத்துக்கொள்வோம். எம்40 (28 நாளில் 40 மெகாபாஸ்கல் வலிமை), ஒரு கனமீட்டருக்கு: 53 கிரேடு ஓ.பி.சி. (ஆஷோ ஸ்லாகோ கலக்காத சாதாரண சிமெண்ட்) 340 கிலோ, ஃப்ளை ஆஷ் 180 கிலோ, தண்ணீர் 180 லிட்டர், எம்-சாண்ட் 880 கிலோ, 12.5 மி.மீ. ஜல்லி 755 கிலோ, பி.சி.இ. வகை அட்மிக்சர் (கான்கிரீட்டை இளகிப் பரவ வைக்கும் ரசாயனம்) 4 கிலோ சொச்சம். கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். உங்கள் சைட்டுக்கு இதை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மணலும் ஆஷும் வேறு, ட்ரையல் போட்டே ஆக வேண்டும். சோதனை முறைகள் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1199 பகுதி 6-இலும், எஸ்.சி.சி.க்கான மிக்ஸ் டிசைன் ஐ.எஸ். 10262-இன் 2019 பதிப்பிலும் இருக்கின்றன.

தட்டில் பரவல் 550-ஐ எட்டவில்லை

தட்டின் மேல் கோனில் கான்கிரீட்டை நிரப்பி, கோனைத் தூக்கி, அது எத்தனை மி.மீ. விட்டத்துக்குப் பரவுகிறது என்று அளப்பதுதான் பரவல் சோதனை. கோனைத் தூக்கியதும் கான்கிரீட் அப்பம்போல் உட்கார்ந்துவிடுகிறது. உடனே 'தண்ணி விடு' என்று ஒரு குரல் வரும். விடாதீர்கள்.

முதலில் எல்லாம் எடை சரியாக விழுந்ததா என்று பேட்ச் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அது சரியென்றால், நேற்று நன்றாக இருந்த கலவைக்கும் இன்றைக்கும் இடையில் எந்தப் பொருள் புது லோடு என்று கேளுங்கள். புது ஆஷ் என்றால் அதில் எரியாத கரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கரி அட்மிக்சரை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரையும் இழுக்கும். ஐ.எஸ். 3812 எரியிழப்பை (ஆஷைச் சுட்டால் குறையும் எடை, பெரும்பாலும் அந்தக் கரிதான்) 5%-க்குள் வைக்கச் சொல்கிறது. ஆய்வக ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், பழைய லோடிலிருந்தும் புது லோடிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பாருங்கள். புதியது கண்ணுக்கே தெரியும்படி கறுத்திருந்தால் சந்தேகம் சரி. விரலிடையில் தேய்த்தால் நறநறக்கிறதா? அப்படியென்றால் கரடுமுரடான ஆஷ். உலைக்குக் கீழே விழும் பாட்டம் ஆஷையோ, குளத்திலிருந்து அள்ளிய ஆஷையோ ஃப்ளை ஆஷ் என்று யாரோ தலையில் கட்டியிருக்கலாம். எஸ்.சி.சி.க்கு அது உதவாது. ஃப்ளை ஆஷின் உருண்டைத் துகள்கள்தான் உருளி பேரிங் வேலை செய்கின்றன. உடைந்த, துளை விழுந்த துகள் அதைச் செய்யாது.

ஆஷ் நல்லதென்றால் அடுத்த சந்தேகம் எம்-சாண்டில் ஒட்டியிருக்கும் களிமண். 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15% வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 விடுகிறது. அந்தத் தூள் கல் பொடியாக இருந்தால் எஸ்.சி.சி.க்கு நல்லதுதான். மண்ணாக இருந்தால் கதை வேறு. பி.சி.இ. அட்மிக்சரின் நீண்ட சங்கிலிகள் களிமண்ணின் அடுக்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. டோஸை இரண்டு மடங்காக்கினாலும் பரவல் நகராது. அதுவே இந்தக் கோளாறின் அடையாளம். மெத்திலின் நீலச் சோதனை போட்டால் தெரிந்துவிடும். அந்த மணலைத் திருப்பி அனுப்புவதோ, கழுவிய மணலுக்கு மாறுவதோதான் மருந்து. ஆஷை மாற்றி ஒரு பயனும் இல்லை.

சிலிக்கா ஃப்யூம் போடுகிறீர்கள் என்றால், அது கிலோவுக்கு 20,000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு கொண்ட பொருள். ஃப்ளை ஆஷுக்குக் கேட்பதே குறைந்தது 320-தான். ஆக 5% சேர்த்தாலும் அட்மிக்சரை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

பரவுகிறது, ஆனால் நடுவில் ஜல்லி மேடு, ஓரத்தில் தண்ணீர் வளையம்

இதுதான் மிக ஆபத்தானது. பரவல் 720, 740 என்று அழகான எண்ணாக இருக்கும், ரிப்போர்ட்டில் பாஸ் ஆகிவிடும். தட்டைக் குனிந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஜல்லியில்லாத பால், அதற்கும் வெளியே பளபளவென்று தண்ணீர்க் கோடு, நடுவில் ஜல்லி குவியல் இருந்தால், அந்த லோடு தூணுக்குள் போனதும் ஜல்லி அடியிலும் சாந்து மேலேயும் என்று பிரிந்துவிடும்.

பத்துக்கு எட்டு முறை காரணம் மணலின் ஈரம். நம் கலவையில் 880 கிலோ மணலில் 2% ஈரத்தைக் கணக்கில் விட்டுவிட்டால் கூடுதலாகச் சேரும் தண்ணீர் 17.6 லிட்டர். தண்ணீர்–பைண்டர் விகிதம் (பைண்டர் என்றால் சிமெண்டும் ஆஷும் சேர்ந்தது) 0.35-இலிருந்து 0.38 ஆகிவிடும். சாதாரண கான்கிரீட் இதைத் தாங்கிக்கொள்ளும், எஸ்.சி.சி. தாங்காது. அதுவும் மழை பெய்த மறுநாள், குவியலின் மேலிருந்து எடுத்த மணலும் அடியிலிருந்து எடுத்த மணலும் ஒன்றல்ல. காலையில் ஒருமுறை வறுத்துப் பார்த்த ஈரத்தை நாள் முழுக்க ஓட்டுவது எஸ்.சி.சி.யில் செல்லாது. லோடர் குவியலின் வேறு பக்கம் போனால் மறுபடியும் பாருங்கள்.

ஈரம் சரியாக இருந்தும் பிரிந்தால் அட்மிக்சர் கூடியிருக்கிறது. அதைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஓ.பி.சி.யை எடுத்துவிட்டு 50%-க்கு மேல் ஸ்லாக் போட்ட கலவைகளில் இது அடிக்கடி நடக்கும். ஸ்லாகின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பு, தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது, ஓ.பி.சி.க்குப் போட்ட அதே டோஸ் அங்கே அதிகமாகிவிடும். வி.எம்.ஏ. என்னும் கெட்டியாக்கும் மருந்தைக் கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் ஈரக் கணக்கை ஒழுங்காகப் பார்க்காதவர்கள் அதைப் பூசி மெழுகப் பயன்படுத்துவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வந்து நிற்கும் லாரியில் இரண்டு மூட்டை சிமெண்டை உடைத்துக் கொட்டுவது மட்டும் வேண்டாம். அது டிரம்மில் கட்டி கட்டியாக நிற்கும், பிரிவும் சரியாகாது.

தேன்போல் மெதுவாக நகர்கிறது

கடைசியில் 680 வருகிறது, ஆனால் வர நேரமாகிறது. 500 மி.மீ. கோட்டைத் தொட 7, 8 விநாடி. வி-ஃபனல் என்னும் சோதனைப் புனல் காலியாக 25 விநாடிக்கு மேல். பம்ப்காரர் அழுத்தம் ஏறுகிறது என்று புலம்புவார். சென்ட்ரிங் பக்கத்தில் காற்றுக் குமிழி சிக்கி, பிரித்த பிறகு சுவர் முழுக்க அம்மைத் தழும்பு.

தண்ணீர் குறைவு, அட்மிக்சர் அதிகம் என்ற நிலையில்தான் இப்படி ஆகும். அட்மிக்சர் பரவலைத்தான் கூட்டும், பிசுபிசுப்பைக் குறைக்காது. இங்கே இன்னும் அட்மிக்சர் ஊற்றுவது வீண். சிலிக்கா ஃப்யூம் 8, 10% போட்டிருந்தால் பாதியாக்கிப் பாருங்கள். சிமெண்டும் ஸ்லாகும் மட்டும் உள்ள கலவையென்றால் ஸ்லாகில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு நல்ல ஃப்ளை ஆஷைப் போடுங்கள். உருண்டைத் துகள் இங்கே நன்றாகவே கை கொடுக்கும். ட்ரையலில் தண்ணீரை 5 லிட்டர் ஏற்றி, வலிமை தாங்குகிறதா என்றும் பார்க்கலாம். இதெல்லாம் பிளான்டில் செய்ய வேண்டியவை, சைட்டில் அல்ல.

பிளான்டில் 700, சைட்டில் 520

மே மாதச் சென்னையில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ஆனாலும் வெயிலோடு இன்னொன்றும் சேரும்: பல்கரில் (தூளைக் கொண்டுவரும் டேங்கர் லாரி) வந்து இறங்கிய சிமெண்டோ ஆஷோ சூடு ஆறாமல் சைலோவில் (தூளைச் சேமிக்கும் உயரமான தொட்டி) இருக்கும். தூளின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற பிளான்ட் குறைவு. மதியச் சுமைகள் மட்டும் செத்துப்போகின்றன என்றால் அங்கே பாருங்கள். கலவைத் தண்ணீரில் ஐஸ் போட்டு, பரவலைத் தாங்கி நிறுத்தும் வகை பி.சி.இ.க்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சைட்டில் வந்த பிறகு சரிசெய்வது என்றால், அதே அட்மிக்சரைக் கொஞ்சம், தண்ணீரில் கலக்காமல், அளந்து ஊற்றி, கனமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் டிரம்மை முழு வேகத்தில் சுற்ற வேண்டும். 6 கனமீட்டர் லாரிக்கு 6 நிமிடம். டிரைவர் இரண்டு நிமிடத்தில் 'போதும் சார்' என்பார். போதாது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பிளான்டில் 620, சைட்டில் வந்து இறங்கும்போது 760, பிரிந்தும் கிடக்கிறது. வழியில் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று டிரைவரோடு சண்டை நடக்கும். சில பி.சி.இ. வகைகள் மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும், ஸ்லாக் அதிகமுள்ள கலவையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கலக்கும் நேரம் குறைவாக இருந்தாலும் இப்படியே ஆகும். பிளான்டில் பரவல் வரவில்லையே என்று டோஸை ஏற்றியிருப்பார்கள், அது அரை மணி நேரம் கழித்து வட்டியோடு திரும்பி வரும். பிளான்டில் ஒரு பேட்சை வைத்துக்கொண்டு 0, 30, 60, 90 நிமிடங்களில் பரவலை அளந்து வரைந்து பாருங்கள், டிரைவர் தப்பித்துவிடுவார்.

கம்பியைத் தாண்டாமல் ஜல்லி தேங்குகிறது

கான்கிரீட்டைக் கம்பிகளுக்கு நடுவே ஓடவிடும் எல்-பாக்ஸ் சோதனையில், கம்பிக்கு அப்பாலும் இப்பாலும் நிற்கும் உயரங்களின் விகிதம் 0.8-க்குக் கீழே போகிறது, ஆனால் பரவல் நன்றாகவே இருக்கிறது. ஜல்லியின் அளவும் எண்ணிக்கையும்தான் காரணம். 20 மி.மீ. முக்கால் ஜல்லியை எடுத்துவிட்டு 12.5-க்கு வாருங்கள். தட்டை ஜல்லி, ஊசி ஜல்லி அதிகமா என்று பாருங்கள். இங்கே ஆஷுக்கு வேலை இல்லை.

கணக்கில் ஒரு கனமீட்டர், இறக்கும்போது அதைவிட அதிகம்

இதை யாரும் கோளாறு என்றே சொல்வதில்லை, கூடுதலாக வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் பல கோளாறுகளுக்கு விதை இதுதான். முதலில் 520 கிலோவும் சிமெண்டாக இருந்த ஒரு கலவையில், 180 கிலோவை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஃப்ளை ஆஷ் போடுகிறார்கள். சிமெண்டின் ஒப்படர்த்தி 3.15. அந்த 180 கிலோ பிடித்த இடம் 57 லிட்டர். ஃப்ளை ஆஷின் ஒப்படர்த்தி சுமார் 2.2. அதே 180 கிலோவுக்கு 82 லிட்டர் வேண்டும். ஆக 25 லிட்டர் கூடிவிட்டது. மணலில் சுமார் 65 கிலோவைக் குறைத்தால்தான் மறுபடி ஒரு கனமீட்டர். குறைக்காவிட்டால் கனமீட்டருக்கு விழும் சிமெண்ட் குறைகிறது, சாந்து கூடுகிறது, சுருக்கமும் அதன் பின்னாலேயே வரும். ஸ்லாகின் ஒப்படர்த்தி 2.9 என்பதால் அதில் இந்தச் சிக்கல் சிறியது.

மறுநாள் காலையிலும் விரல் பதிகிறது

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாமதமா, ஒரு லாரி இறக்கிய இடம் மட்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா இடத்திலும் என்றால் இயல்பானதுதான். 35% ஆஷோ, 50% ஸ்லாகோ, மேலே பி.சி.இ.யும் இறுகுவதைத் தள்ளிப்போடும் ரிடார்டரும் சேர்ந்தால் இறுக்கம் பல மணி நேரம் தள்ளும், அதுவும் மார்கழிக் குளிரில். ஓ.பி.சி.க்கு ஐ.எஸ். 456 சொல்லும் 16–24 மணி நேரத்தை வைத்துத் தூண் சென்ட்ரிங்கைப் பிரிக்காதீர்கள். இதே தாமதத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எஸ்.சி.சி. இறுகும்வரை தண்ணீர்போலப் பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல். ஸ்லாக் கலவையில் அந்த அழுத்தம் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். வழக்கமான தூணுக்கு அடிக்கிற அதே கட்டைகளை வைத்துக்கொண்டு 'வெடிச்சிடுச்சு' என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

ஒரு லாரி மட்டும் என்றால் அட்மிக்சர் இரண்டு முறை விழுந்ததா என்று பேட்ச் ரிப்போர்ட்டில் பாருங்கள். அப்படியென்றால் மூடி, ஈரமாக வைத்துக் காத்திருந்தால் இறுகிவிடும், பிறகு வலிமையைச் சோதிக்கலாம். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும் மூன்று நாளாகியும் இறுகவில்லையென்றால், சிமெண்ட் சைலோவில் யாரோ ஆஷ் பல்கரை இணைத்திருக்கக் கூடும். இரண்டும் சாம்பல் நிறத் தூள், இணைப்புக் குழாயும் ஒரே மாதிரி. ஒரு லிட்டர் டப்பாவில் இரண்டையும் தளர்வாக நிரப்பி எடை போடுங்கள், ஆஷ் தெளிவாக இலகுவாக இருக்கும். சைலோ வாயில் பூட்டும் பெரிய எழுத்தும் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. அப்படி இறுகாமல் போன கான்கிரீட்டை உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

மேற்பரப்பில் தெரியும் சங்கதிகள்

ஸ்லாபில் இறக்கிய ஓரிரு மணி நேரத்திலேயே கோடு கோடாக விரிசல் விழுந்தால் அது காற்றும் வெயிலும் செய்த வேலை. எஸ்.சி.சி.யில், அதிலும் சிலிக்கா ஃப்யூம் போட்டதில், மேலே தண்ணீர் கசிந்து வராது. காய்ந்தால் ஈடுகட்ட ஒன்றுமில்லை. மட்டம் தட்டிய கையோடு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். கியூரிங்கை மறுநாள் தொடங்கலாம் என்பது இதற்கு ஒத்துவராது. எத்தனை நாள் என்று கேட்டால், ஆஷ், ஸ்லாக் போட்டதற்கு ஐ.எஸ். 456 குறைந்தது 10 நாள் என்கிறது, வறண்ட வெயில் இடத்தில் 14. ஏழாம் நாள் சாக்கை உருவிவிடும் பழக்கம் ஓ.பி.சி. காலத்தது.

மேலே கறுப்புப் படலம் மிதந்து வந்தால் ஆஷில் இருந்த கரி. சிறிதளவென்றால் கண்ணுக்குத்தான் உறுத்தல், தடிமனாக வந்தால் எரியிழப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். சென்ட்ரிங் பிரித்ததும் கான்கிரீட் நீலப்பச்சையாக இருந்தால் பதற வேண்டாம். அது ஸ்லாகில் உள்ள சல்ஃபைடு சேர்மங்களால் வரும் நிறம், காற்றுப் பட்டால் மங்கிவிடும்.

மூடிய அறையில் இறக்கும்போது மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் அதுவும் ஆஷிலிருந்துதான். சில அனல்மின் நிலையங்களில் புகையிலிருந்து தூசியை நன்றாகப் பிடிக்க அம்மோனியா செலுத்துவார்கள். அது ஆஷில் ஒட்டிக்கொண்டு வந்து, சிமெண்டின் காரம் பட்டதும் ஆவியாகிறது. வலிமைக்குப் பங்கமில்லை. பேஸ்மென்ட்டில் வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து, காற்றோட்டத்துக்கு ஃபேன் வையுங்கள்.

7 நாள் கியூப் குறைவு

கியூப் என்பது வலிமை பார்க்க வார்த்து உடைக்கும் கான்கிரீட் கட்டி. இது கன்சல்டன்ட்டிடமிருந்து கடிதம் வரும் கட்டம். ஃப்ளை ஆஷ் தனியாக வினை புரியாது. சிமெண்ட் நீரேறி வெளியிடும் சுண்ணாம்பைப் பிடித்துத்தான் மெதுவாக வலிமை சேர்க்கும். 7-ஆம் நாளில் ஓ.பி.சி.யின் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. 28-க்கும் 56-க்கும் இடையில் அது நன்றாக ஏறும். ஸ்லாகும் ஆரம்பத்தில் மந்தம்தான், ஆனால் ஆஷைவிட முன்னதாகவே எழுந்துவிடும். முதல் நாட்களிலேயே வலிமை வேண்டுமென்றால் ஆஷில் பாதியை ஸ்லாகாக மாற்றிப் பாருங்கள்.

கியூபும் தானாகவே நிரம்ப வேண்டும், கம்பியால் குத்தவோ மேசை வைப்ரேட்டரில் வைக்கவோ கூடாது. பழக்க தோஷத்தில் லேப் பையன் 35 குத்து குத்தினால் ஜல்லி அடியில் போய்விடும், கியூப் குறைவாக உடையும்.

28 நாளிலும் குறைவா? அப்படியானால் சிமெண்ட் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஓ.பி.சி.க்குப் போட்ட டிசைனில் பி.பி.சி. போட்டுவிடும் சங்கதி இது. பி.பி.சி.யில் ஏற்கெனவே 15 முதல் 35% வரை ஆஷ் இருக்கிறது. 30% உள்ள பி.பி.சி.யில் இன்னும் 30%-ஐ ஆஷால் மாற்றினால், 0.7 × 0.7, மிச்சமிருப்பது 49%. பைண்டரில் பாதிக்கு மேல் ஆஷ். ஐ.எஸ். 456 குறைந்தபட்ச சிமெண்ட் அளவில் ஆஷைச் சேர்த்துக் கணக்கிட விடுவது 35% வரைதான். நெய்வேலிப் பக்கத்து லிக்னைட் ஆஷ் வந்திருந்தால் அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து அதிகமுள்ள வகை அது, மேட்டூர், தூத்துக்குடி நிலக்கரி ஆஷுக்குப் போட்ட டோஸும் இறுகும் நேரமும் அதற்குப் பொருந்தாது. ரிப்போர்ட்டில் சல்ஃபேட் அளவையும் பாருங்கள், 3%-க்குள் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கியூப் குறைந்தால், கட்டிய கான்கிரீட்டையே துளைத்துக் கோர் எடுத்துச் சோதிப்பதுதான் வழி. கோர்களின் சராசரி கியூப் வலிமையில் 85%, எதுவும் தனியாக 75%-க்குக் குறையாமல் இருந்தால் ஏற்கலாம் என்பது ஐ.எஸ். 456-இன் கணக்கு. 56 நாள் வலிமையை ஏற்றுக்கொள்வார்களா என்பதை மட்டும் கோர் எடுக்கும்போது பேசாதீர்கள். மிக்ஸ் டிசைன் அப்ரூவல் கடிதத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.